செவ்வாயில் புதுப்பூச்சு

தொண்ணூறுகளில் விஜயநகரில் எங்கள் வீட்டைப் பூச வந்த கொத்தனார் கொள்ளேகால்காரர். புருவமெல்லாம் சிமென்ட். எந்தச் சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கல்லூரியில் நான் நடத்தும் வகுப்புக்காக மேஜையில் விரித்திருந்த செவ்வாய்க் கிரகப் படத்தையும் ஒருநாள் தடவினார்.

"இத்தனை குழி எப்படிங்க சார்?"

"வானத்திலிருந்து கல் வந்து மோதினது."

"கல்லு எல்லாப் பக்கமும்தானுங்களே விழும்? குழி கம்மியா இருக்கற இந்தப் பக்கம் அப்புறமா பூசினதுங்க."

நான் துள்ளி எழுந்தேன். எரிமலைக் குழம்பு பரவிப் பழைய குழிகளை மூடிய இளைய தரை அது. மாணவர்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் மூன்று நாளாகத் திணறிக்கொண்டிருந்தேன்.

"சரியாச் சொன்னீங்க!" என்றேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அங்கே யாருங்க சார் மேஸ்திரி?"

மறுநாள் அவர் சொன்னதையே சொன்னேன். வகுப்பு முழுவதும் தலையாட்டியது. மேஸ்திரி யார் என்ற அவருடைய கேள்விக்குத்தான் இன்னும் பதில் தேடுகிறேன்.