கரையில் காது வைத்தவன்

திருவாலங்காட்டு ரயிலடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு சிற்றூரில் கலியன்தான் நீர்கட்டி. மதகு திறப்பதும், வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுவதும், மழைக்காலத்தில் ஏரிக்கரையைக் காப்பதும் அவன் வேலை. அவன் அப்பனும் அதையேதான் செய்தான். கரையின் வெளிச்சரிவில் குப்புறப் படுத்து, மண்ணில் காதை அழுத்திக் கேட்பார்கள். நல்ல கரை ஊமையாக இருக்கும். எலி வளை வழியே தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் மண்ணுக்குள் ஒரு முனகல் எழும். பழகாதவர்கள் படுத்துப் பார்த்தால் ஒன்றும் கேட்காது.

1966 கோடையில் அவனுடைய ஒரே மகள் அம்மை கண்டு இறந்தாள். கலியனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. ஊர்ப் பெரியதனக்காரர் அரசப்பன் இரக்கப்பட்டு, அவனைப் பட்டணத்துக்கு அழைத்துப்போய் மனநோய் டாக்டரிடம் காட்டினார். வெளியே வரிசை நீண்டிருந்தது. டாக்டருக்கு அவசரம்.

"மத்தவங்களுக்குக் கேக்காத சத்தம் உனக்குக் கேக்குதா?"

"கேக்கும் சார்," என்றான் கலியன், கொஞ்சம் நிமிர்ந்து. அன்றைய கேள்விகளில் அவன் பெருமையோடு பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

"எங்கேயிருந்து?"

"மண்ணுக்குள்ளாற இருந்து. எங்கப்பனுக்கும் கேக்கும்."

"அப்பாவுக்குமா?" டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்தார்கள். தலையில் கரன்ட் வைத்தார்கள். வெள்ளை மாத்திரையோடு ஊர் திரும்பியவன் கொஞ்ச நாள் தன் மனைவி பூவம்மாளின் பெயரைக்கூட மறந்திருந்தான்.

1969இல் திருவள்ளூரில் வேறொரு டாக்டர், "இது மகள் போன துக்கம், நோயே இல்லை" என்றார். மறுவருஷம் இன்னொருவர் புதிதாக மூன்றாவது பெயர் ஒன்றைச் சொன்னார். ஊர் முதல் பெயரையே பிடித்துக்கொண்டது. அது வாயில் நுழையாததால் 'காது சீக்கு' என்றது. கலியன் கோபப்பட்டால் சீக்கு, சிரித்தால் சீக்கு. பேசாமல் இருந்தால், "இன்னா, உள்ள யாருனா பேசிக்கினு கீறாங்களா?" என்று டீக்கடையில் கேலி. நீர்கட்டி வேலையும் அதற்கான மண்வெட்டியும் பங்காளி சுப்பிரமணியின் கைக்குப் போயின. கலியன் கரையேறக் கூடாது என்பது அரசப்பன் உத்தரவு.

1972 கார்த்திகையில் ஏரி விளிம்புவரை நிறைந்து நின்றது. அரசப்பன் குடையோடு கலியன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"த பாரு கலியா, இந்த மழை தாண்டட்டும். ஒண்ணும் கேக்கலன்னா மண்வெட்டிய உன் கையிலயே குடுத்துடறேன். கேக்குதுன்னா மறுபடியும் பட்டணந்தான்."

"கேக்கல நைனா."

அன்று மாலை மாட்டுக்குப் புல் அறுக்கக் கரையடிக்குப் போனான். மதகைத் தாண்டியதும் கால் தானாக நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டுச் சரிவில் படுத்தான்.

மண் முனகியது.

கரைமேல் நின்ற சுப்பிரமணியைக் கைதட்டிக் கூப்பிட்டான். "டேய், இங்க கொஞ்சம் படுத்துக் கேளு."

சுப்பிரமணி படுத்தான். எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு, கலியன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே அண்ணே. உனக்குக் கேக்குதா?"

டாக்டர் கேட்டதும் இதைத்தான்.

"இல்லடா. சும்மா சொன்னேன்."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முனகல் காதை விட்டுப் போகவில்லை. இவ்வளவு தூரத்துக்குக் கரை கேட்குமா? அப்படியானால் இது சீக்குதானா? அப்பனுக்குக் கேட்டதும் சீக்குதானோ? படித்தவர்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

"இன்னாய்யா ஒரு மாதிரி கீற?" என்றாள் பூவம்மாள். "எதுனா கேக்குதா?"

"மாத்திரைய குடு. ரெண்டா குடு."

விழுங்கிவிட்டுப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் முனகல் தேய்ந்து நின்றது. சீக்குதான் என்று நினைத்துக்கொண்டான். நெடுநாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கினான்.

விடியும் நேரத்தில் பாய் நனைந்து பூவம்மாள் விழித்தாள். வெளியே மாடுகள் கதறின. தெருவில் யாரோ ஓடினார்கள்.

"யோவ், எழுந்திருய்யா! ஏரி ஒட்ச்சிக்கிச்சி!" என்று அவனை உலுக்கினாள். படுத்திருந்த அவன் தோள்வரை தண்ணீர் வந்திருந்தது.

கலியன் கண்ணைத் திறக்கவில்லை. நாக்குக் குழற, "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான்.