எழுதியவள் வடிவாம்பாள்

புத்தகத்தைக் காலால் மிதிக்கிறவள் என்றுதான் பிள்ளையார்பாளையத்தில் வடிவாம்பாளைப் பற்றிச் சொன்னார்கள். அதில் பாதி உண்மை. பட்டு நெசவாளர் ராஜவேலு முதலியாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுகிற வேலை. வலது கை இராட்டையைச் சுழற்றும், இடது கை இழையை ஓட்டும். அப்புறம் புத்தகத்தின் பக்கம் மூடிக்கொள்ளாமல் யார் பிடிப்பது? கால் கட்டைவிரல்தான் பிடித்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை போனவள். நாவலோ, நாடகமோ, பாதி கிழிந்த மாதப் பத்திரிகையோ, கிடைத்ததெல்லாம் அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் விரிந்து கிடக்கும்.

ராஜவேலுவின் அக்கா பொன்னியம்மாளுக்கு அடுத்த வீடு. ஒருநாள் உள்ளே வந்தவள் இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! சரஸ்வதி மேல காலை வெச்சிக்கினு உக்காந்திருக்கிறியே, கண்ணு அவிஞ்சி பூடும்."

"கை ரெண்டும் வேலையில மாட்டிக்கினு இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும் அண்ணி. அவளும் பொம்பளைதானே?" என்றாள் வடிவாம்பாள். இராட்டை நிற்கவில்லை.

ஜெர்மன்காரனோடு சண்டை மூண்ட வருஷம் அது நடந்தது. மகள் மங்கையர்க்கரசிக்கு மூன்று வயது. அரக்குச் சாயம் காய்ச்சிய அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக் கூடத்து ஓரமாக வைத்திருந்தார்கள். ராஜவேலு தறியில். வடிவு இராட்டையில். குழந்தை மிதக்கிற பட்டு இழையைப் பிடிக்கக் கையை விட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளேதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். பொன்னியம்மாள் முன்னால்.

"படிச்சி படிச்சி புள்ளைய வேக வெச்சிட்டியேடி."

"ஆமா, படிச்சிக்கினுதான் இருந்தேன். இல்லன்னு சொல்லமாட்டேன்." தோளில் குழந்தை முனகிக்கொண்டிருந்தது. "அண்டாவுக்கும் தறிக்கும் நாலடி. அண்டாவுக்கும் இராட்டைக்கும் எட்டடி. பெத்தவங்க ரெண்டு பேரும் வூட்லதான் இருந்தோம். உங்க தம்பிய ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலியே, ஏன் அண்ணி?"

"அவன் வேலையா இருந்தான்."

"நானும் தாரு சுத்திக்கினுதான் இருந்தேன்."

இவளுக்கு வாய் நீளம் என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

வாசலில் அப்படிப் பேசியவளுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டது அவள் காதில் விழுந்திருந்தது. கதையில் ஒருத்தி ஆற்றில் குதிக்கப்போகிற இடம். அந்தப் பாராவை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று இரண்டு வரி படித்தாள். அந்த இரண்டு வரிதான். கட்டு மாற்றும்போது மங்கை அலறுகிற அலறலில் வடிவு தன் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள்.

அழுகையை மறக்கடிக்கக் கையிலிருந்த கதைகளையெல்லாம் குழந்தைக்குப் படித்துச் சொன்னாள். அவை தீர்ந்ததும் சொந்தமாகக் கட்டினாள். மறுநாள் அதையே ஒரு சொல் மாறாமல் சொல்லச் சொல்லி மங்கை அடம்பிடித்தாள். மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கவேண்டியதாயிற்று. கை ஆறியது. எழுத்து நிற்கவில்லை.

பதினோரு வருஷம் கழித்து நாவல் ஒன்றை முடித்தாள். 'குப்பம்மாள் கேட்ட கேள்வி' என்று பெயர். குழந்தை வெந்துபோனதற்காக ஒரு தாயைத் தெரு கூடி விசாரிக்கிற கதை. அந்த இரண்டு வரியையும் அதில் மறைக்காமல் எழுதியிருந்தாள். ராஜவேலுவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அவர் நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினாள். தகப்பனை ஏன் யாரும் கேட்கவில்லை என்று குப்பம்மாள் கேட்கிற இடத்தில் தறி நின்றது. பிறகு அவர் ஊடை ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தார்.

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்" என்றார். அந்த விஷயத்தைப் பற்றி ஆயுசில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

சின்னக் காஞ்சிபுரத்தில் அச்சாபீஸ் வைத்திருந்த பரசுராமன் பிரதியை ஒரு வாரம் வைத்திருந்து படித்தார். புருஷனும் பெண்சாதியுமாகப் போய் நின்றார்கள்.

"கதை நல்லாத்தான் இருக்குதும்மா. அட்டையில பொம்பளை பேரப் போட்டா உங்க தெருக்காரங்க என் வாசல்ல வந்து நிப்பாங்க. முதலியார் பேரப் போட்டுக்கலாம். வூட்டுக்காரர் பேருதானே?"

வடிவு வாயைத் திறக்கும் முன் ராஜவேலு சொன்னார்: "நான் நெய்யாத சேலைய நான் நெஞ்சதுன்னு சொல்றதில்லபா."

"அவரு பேரு வேணும்னா அவரு ஒண்ணு எழுதட்டும்" என்றாள் வடிவு. "இதுல எழுதியவள் வடிவாம்பாள்னு போடுங்க. பிள்ளையார்பாளையம்னும் போடுங்க. வந்து கேக்கறவங்க என்னையே கேக்கட்டும்."

மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு அப்படியே அச்சிட்டார். தெருவில் கூட்டம் கூடத்தான் செய்தது. கோயில் திருவிழாவில் அவள் கையால் பிரசாதம் வாங்கமாட்டோம் என்று இரண்டு வீட்டார் சொன்னார்கள். அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் பட்டு நூல் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்ததும் அவளுக்குத் தெரியும்.

மங்கைக்குப் பதினெட்டு வயதில் வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பொன்னியம்மாள்தான் பேசி முடித்துக் கூட்டிவந்தாள். வெற்றிலைத் தட்டு வைத்தாயிற்று. பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் புத்தகத்துல வர்ற குழந்தை எங்க பொண்ணு இல்ல, இது பொறவியிலேயே வந்த தழும்புன்னு நாலு பேர் முன்னால சொல்லிடுங்க. இனிமே எழுதறதில்லன்னும் ஒரு வார்த்தை. அவ்ளோதான்."

"சொல்லிடு வடிவு" என்று பொன்னியம்மாள் கையைப் பிடித்தாள். "ஒரு வார்த்தைல இன்னா கெட்டுப் போவுது? உன் பொண்ணுக்கோசரம் சொல்லு."

வடிவாம்பாள் கையை விடுவித்துக்கொண்டாள். "சாயத்துல வெந்த கை இது. பக்கத்துல நான் படிச்சிக்கினு இருந்தேன். அவரு நெஞ்சிக்கினு இருந்தாரு. இதுல எதை மறைக்கணும்? பொய்யில ஆரம்பிச்சா என் பொண்ணு ஆயுசு பூரா உங்க வூட்ல முந்தானையால கையை மூடிக்கினு நடக்கணும். அதுக்கு நான் பெக்கல."

வந்தவர்கள் தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள். பொன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மங்கை உள்ளேயிருந்து வந்தாள். மகள் வந்து தோளில் சாய்வாள் என்று வடிவு எதிர்பார்த்தாள். அவள் தூணருகிலேயே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை போனதுக்கு நான் அழலமா. நீ எழுதினே, சரி. நல்லாவே எழுதினே. வெந்தது என் கை. ஊருக்குச் சொல்றதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

தெருவே திரண்டு வந்தபோது பதில் வைத்திருந்தவள் இப்போது வெற்றிலைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "கேக்கல. கேட்டிருக்கணும்" என்றாள்.

"நான் வேணாம்னு சொல்லியிருந்தா?"

"சண்டை போட்டிருப்பேன்."

மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "இனிமே எது எழுதினாலும் அச்சாபீசுக்குப் போறதுக்கு முன்ன நான் படிக்கணும். என்னைப் பத்தி இருந்தா நான் கோடு போட்டு அடிப்பேன்."

"அடி. நியாயமா இருந்தா ஒத்துக்கறேன்."

மங்கை சென்னைக்குப் போய் ஆசிரியப் பயிற்சி முடித்தாள். குடும்பத்தின் மானம் ரயிலேறிப் போகிறது என்று அத்தை கூச்சல் போட்டாள். அத்தையின் கூச்சலுக்கிடையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தவர் ராஜவேலு. மங்கை திரும்பி வந்து பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த தனசேகரன், புத்தகத்தைப் படித்துவிட்டு, தழும்பையும் பார்த்துவிட்டு, பெண் கேட்டு வந்தான். எந்த வாக்குறுதியும் கேட்கவில்லை.

அதன்பின் வடிவாம்பாள் இன்னும் நாலு நாவல் எழுதினாள். ஒவ்வொன்றையும் மகள் சிவப்புப் பென்சிலோடு முதலில் படித்தாள். அடித்ததில் பெரும்பாலானவற்றை வடிவு ஏற்றுக்கொண்டாள். கடைசி நாவலில் மட்டும் சண்டை முற்றியது. மங்கைக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை பெற்ற ஒருத்தி, அது அழுகிற அழுகையில் எங்காவது ஓடிவிடலாமா என்று நினைப்பதாக ஒரு அத்தியாயம்.

மங்கை அதை முழுசாக அடித்திருந்தாள். "நான் பொறந்தப்ப என்னை நீ வெறுத்தியா?"

"வெறுக்கல. பயந்தேன். ஒரு மாசம் பயந்தேன்."

"அப்போ இது என்னைப் பத்தினது. எடுத்துடு."

"இது என்னைப் பத்தினது. நீ பொறந்த கதையில நீ மட்டுமா ஆளு?" வடிவாம்பாள் காகிதங்களை அடுக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்கு அப்பிடித் தோணவே இல்லன்னு உன் புள்ள தலையில அடிச்சிச் சொல்லு. எடுத்துடறேன்."

மங்கை தொட்டிலைப் பார்த்தாள். சத்தியம் செய்யவில்லை. பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அத்தியாயம் ஒரு வரி குறையாமல் அச்சாகியது. பதினைந்து நாள் மகள் பேசவில்லை. பதினாறாம் நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் கேட்கிறார்கள் என்று ஆறு பிரதிகளை எடுத்துக்கொண்டு போனாள்.