சிம்பல் தட்டு ஓயும்வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரம் செட்டின் பித்தளைச் சிம்பல் தட்டில் உயிரே இல்லை. காலால் மிதிக்கும் பெரிய டிரம் நெஞ்சில் வந்து மோதியது. தோல் டிரம்களும் நன்றாக முழங்கின. தட்டில் மட்டும் குச்சி படும் ‘டக்’தான் ஹெட்போனில் கேட்டது. அதற்குப் பின்னால் நீளமாக வர வேண்டிய ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலைக் காணோம்.

எழுபதுகளில் எலப்புள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் தம்முடைய கடலைக்காய்க் குடோனை ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். சுவரெல்லாம் கயிற்றுப்பாயும் சாக்கும் அடித்திருக்கும். கோயில் விழாக்களில் பாடும் குழுக்கள் வந்து டேப்பில் பதிந்துகொண்டு போவார்கள். வாரமெல்லாம் நான் கஞ்சிக்கோட்டு ஃபாக்டரியில் தகடு அடிக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்பேன், லீவு நாளில் இங்கே வந்து மைக் வைப்பேன். மிஷின் சோறு போட்டது. ஆனால் ‘நான் இன்னார்’ என்று நிமிர்ந்து சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது மைக் வேலை ஒன்றுதான். அது போனால் நான் யார்?

தையில் எங்கள் பக்கம் கிழக்குக் காற்று பனைகளைப் பிடித்து உலுக்கும். ஓலைச் சலசலப்பும் சிம்பலின் இரைச்சலும் ஒரே சாதி. மைக்கில் இரண்டும் விழுந்தால் பிரிக்கவே முடியாது. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மைக்கை வைத்துவிட்டு நான் வாசலில் போய் நின்று, கண்ணை மூடிக் காது கொடுப்பேன். ஓலை அடங்கியதும் கையைத் தூக்குவேன். அப்புறம்தான் கதவைச் சாத்தி வாசிப்பு. வாசல் மேற்குப் பார்த்தது, உடம்பில் காற்று படாது, காதுதான் கணக்கு. அந்த வருஷம் போய் நின்றதுமே கை தூக்கிவிட முடிந்தது. காற்றுக்குப் பழைய வீறு இல்லை என்று வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அன்றைக்கு டிரம் வாசித்தது அவளுடைய தம்பி. தட்டுக்கு மேலே ஒரு கை நீளம் விட்டு, விளிம்பை விட்டு விலக்கி, கொஞ்சம் சரித்து மைக்கைக் கட்டுவது என் வழக்கம். சத்தம் வராததால் ஒரு முழத்துக்கு இறக்கினேன். அப்போதும் இல்லை. ஒயரை மாற்றினேன். மைக் செத்துவிட்டதோ என்று பயந்து வேறு மைக் மாட்டினேன். அதிலும் இல்லை. ஒரு சாணுக்கு இறக்கினேன்.

“மாமா, இதுக்கு மேல எறக்குனீங்கன்னா குச்சி பட்டுருமுங்க,” என்றான் மச்சினன்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். “நீ தட்டை அடிக்கறயா, தடவிக் குடுக்கறயா?” என்று கத்தினேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா,” என்று அவன் முனக, பாட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய்க் காது கொடுத்தேன். எல்லாம் அடங்கியிருந்தது. கையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

பதிந்து முடித்து டேப்பைத் திருப்பிப் போட்டோம். சிம்பலில் முதல் அடி விழுந்ததுமே தோட்டத்துக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“ஏனப்பா, காதுல ஊசி எறங்கற மாதர இருக்குது. அதுபோக பனைச் சத்தம் முச்சூடும் உளுந்திருக்குது. காத்து நிக்கறக்கு முன்னாலயே கையத் தூக்கிப் போட்டயா?”

வாசலுக்குப் போனேன். முதல் தடவையாகக் கண்ணை மூடாமல் அண்ணாந்து பார்த்தேன். வரப்பு நெடுகப் பனைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் மிஷின் இரைச்சலிலேயே நின்று வயசாகிப்போனவர்கள் ஒன்று கேட்டால் ஒன்று சொல்வார்கள். நாங்கள் டீ குடிக்கும்போது அவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்போம். அவர்கள் முகம் ஒவ்வொன்றாக வந்தது. எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை.

மச்சினன் பின்னால் வந்து நின்றான். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவனும் பார்த்தான். அதற்கப்புறம் அவன் கேலி பேசவில்லை.

“உள்ள வாங்க மாமா. செவுத்தப் பாத்து நில்லுங்க. நா ஒரே ஒரு தட்டு தட்டறேனுங்க. சத்தம் நின்னதீம் எப்பவும் போல கையத் தூக்குங்க.”

நின்றேன். வேர்வை முதுகில் இறங்கியது. அவன் தட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனேன். மெலிந்தது, இன்னும் மெலிந்தது, போய்விட்டது. உடனே கையைத் தூக்கப் பயமாக இருந்தது. மாரியாத்தா, நேரம் கொஞ்சம் கூடினாலும் கூடட்டும் என்று இன்னும் சற்றுப் பொறுத்தேன். ஒன்றுமே இல்லை என்று உறுதியானதும் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

தோட்டத்துக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட வந்தவர்கள் அசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சினன் என் கையைப் பார்த்தான். பிறகு மெல்ல இரண்டு விரலை நீட்டி, தட்டைப் பிடித்து நிறுத்தினான்.