வேலிக்கு மேலே இரண்டு அங்குலம்

என்னுடைய பிக்கப்பின் டயர்களை ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றினேன். முதலில் பெரிதாக, பிறகு பழையபடி சிறிதாக. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொன்னேன். ஒன்றும் உண்மையில்லை. எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. உண்மையை எழுதிவிடுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு வட்டுக்கோட்டைக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் கத்தரியும் மிளகாயும் போட்டேன். அங்கே போகும் மண்பாதை மாரி தொடங்கினால் சேறாகிவிடும். அதற்காகத்தான் பிக்கப்பை வாங்கினேன். முதலில் வைத்திருந்தவர் ஸ்பிரிங்குகளை மாற்றி அதன் உடம்பை நன்றாக உயர்த்தியிருந்தார். ஆனால் டயர்கள் பழைய அளவிலேயே இருந்தன. உடம்பு எவ்வளவு உயர்ந்தாலும் பின் அச்சு உயராது. அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டை பாதையின் நடு வரம்பில் இடிக்க, வண்டி சேற்றில் குந்திவிடும். அச்சை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி.

மருதனார்மடத்தில் டயர் மாற்றுகிறவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன மாஸ்ரர், ஆனைக்குக் குழந்தைப்பிள்ளையின்ரை செருப்பைப் போட்டு விட்டிருக்கிறியள்?"

"அதுதானே உன்னட்டைக் கொண்டு வந்தனான்."

"பெரிய ரயர் போடலாம். ஆனால் முழுசா வெட்டித் திருப்பேக்கை மட்காட்டிலை உரசும். உள்ளுக்குக் கொஞ்சம் வெட்டோணும். பிறகு வெட்டிப்போட்டான் எண்டு என்னைத் திட்டப்படாது."

நான் கையோடு அளவுநாடா கொண்டுபோயிருந்தேன். விட்டம் நான்கு அங்குலம் கூடினால் வண்டி இரண்டு அங்குலம் உயரும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொல்லி, டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு முன் சில்லைக் கட்டையில் ஏற்றி மறுபடியும் பார்த்தோம். உரசிய இடத்தை அவர் வெட்டினார். வேகமானி இனி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும் என்று அவருக்கு நானே விளக்கினேன். எல்லாம் கணக்கிட்டுவிட்டேன் என்ற திருப்தியோடு வீடு வந்தேன்.

எங்கள் வீடிருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையில் வலப்பக்கம் அடுத்த வீட்டு வளவு ஒரு விதவையுடையது. குருநகர்க் கடற்தொழில் குடும்பத்தில் பிறந்து இங்கே கலியாணம் செய்து வந்தவள். என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். என் மனைவி சத்திரசிகிச்சைக்காக மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. அவளுடைய கிணறு ஒழுங்கையோரம் இருக்கிறது. தென்னோலைக் கிடுகு வேலிதான் அதற்கு மறைப்பு. பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் அங்கே குளிப்பாள். அதே நேரத்தில் நான் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற்றப் போவேன். வேலியருகே இரண்டு முறை ஹோர்ன் அடிப்பேன். "ஓம் மாஸ்ரர், போட்டு வாங்கோ" என்று உள்ளிருந்து குரல் வரும். பல வருடமாக இப்படித்தான். ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

புது டயரோடு போன முதல் பின்னேரமும் வழக்கம்போல் ஹோர்ன் அடித்தேன். அவள் நிமிர்ந்தாள். மார்பில் கட்டிய குறுக்குக்கட்டோடு, தலையில் சவர்க்கார நுரையோடு நின்றாள். வேலியின் விளிம்புக்கு மேலே என் கண் இருந்தது. முன்பு அந்த விளிம்பு சரியாக என் கண்ணை மறைத்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். உடனே தலையைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை. ஒரு கணம் பார்த்தேன். அது மட்டுமல்ல, வழியில் கண்டவருக்குக் காட்டுவதுபோலக் கையும் காட்டிவிட்டேன். அன்று அவளிடமிருந்து குரல் வரவில்லை.

அந்தக் கிழமையே வேலிக்கு மேல் தகரம் ஏறியது. கிணற்றடி நீளத்துக்கு மட்டும்.

ஒழுங்கையால் போகிறவர்கள் அந்தத் தகரத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று நான் யோசித்தேன். உயர்ந்த வண்டி ஒழுங்கையில் ஒன்றுதான் இருந்தது. தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவன் நான். ஒழுங்கையில் போனால் சைக்கிளால் இறங்கி வணக்கம் சொல்கிற பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். வேலிச் சண்டை எங்கள் ஊரில் மரியாதையான சண்டை. அதில் யாருக்கும் மானம் போவதில்லை. எனவே, வேறு கதை கிளம்புமுன் இதை வேலிச் சண்டையாக்கிவிட முடிவு செய்தேன். தகரம் ஒழுங்கைப் பக்கம் நான்கு விரல் தள்ளி நிற்கிறது, வாகனம் போக இடைஞ்சல் என்று கிராம சேவையாளருக்கு எழுதிக் கொடுத்தேன். நான்கு விரல் என்பது உண்மைதான். அளந்துதான் எழுதினேன்.

அவர் வந்தார். ஒழுங்கையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஏனம்மா திடீரெண்டு தகரம்?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"காத்துக்கு, ஐயா," என்றாள்.

"காத்துக்கு நாலு தகரமோ?" என்று யாரோ பின்னால் சொல்ல, ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வேண்டாம், நான் கழட்டுறன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றே கழற்றிவிட்டாள். அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு அந்தக் கிணற்றின் கப்பிச் சத்தம் கேட்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீரை வீட்டுக்குள் சுமந்து குளிக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். "வயசு போன நேரத்திலை இதென்ன கரைச்சல் அவவுக்கு?" என்றும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

ஒரு மாதம் கழித்து அளவெட்டியில் ஒரு கலியாண வீடு. டயர் மாற்றிய பிறகு என் மனைவி பிக்கப்பில் ஏறியது அன்றுதான். ஸ்டூல் வைத்து ஏற்றினேன். திரும்பி வரும்போது அந்த வேலி அவளுடைய பக்கம் வந்தது. வாளி, சவர்க்காரக் கல், கொடியில் காய்ந்த துணி எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் படலை வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ. இது தெரிஞ்சுதானோ எழுதிக் குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"அவ குளிக்கேக்கை பாத்தனீங்களோ?"

"ஒருக்கால்."

ஸ்டூலுக்குக் காத்திராமல் கதவைப் பிடித்துத் தானே இறங்கினாள். "போய்ச் சொல்லுங்கோ," என்றாள். "எனக்கில்லை. அவவுக்கு."

அடுத்த நாள் காலை போனேன். அவள் முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரக் கதிரை தரவில்லை. பார்த்தது என் பிழை, பார்த்ததை மறைக்க எழுதியது அதைவிடப் பெரிய பிழை என்று நின்றபடியே சொன்னேன்.

"பாத்தது பெரிசில்லை, மாஸ்ரர்," என்றாள். "வண்டி உயரம் எண்டு எனக்கு விளங்கினது. அதுதான் உங்களிட்டை ஒண்டும் கேக்காமல் தகரத்தைப் போட்டன். ஆனால் அத்தினை பேருக்கு முன்னாலை நான் என்னத்தைச் சொல்லுறது? நீங்களும் சேர்ந்து சிரிச்சனீங்கள்."

தகரத்தை நானே திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். அது கோழிக்கூட்டுக்குப் போட்டாச்சு."

அன்றே முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றேன். என்னிலேதான் பிழை என்றும் எழுதிக் கொடுத்தேன். பிறகு மருதனார்மடத்துக்குப் போனேன். "என்ன மாஸ்ரர், உயரத்துக்குத் தலை சுத்துதோ?" என்று டயர்காரர் கேட்டார். ஓம் என்றேன். சிறிய டயர்களைப் போட்டு, ஒழுங்கையில் வந்து நிறுத்திப் பார்த்தேன். வேலியின் விளிம்பு பழையபடி என் கண்ணை மறைத்தது. ஹோர்ன் அடிக்கவில்லை. அடிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மாரி தொடங்கும்வரை கப்பி சத்தமில்லாமலே கிடந்தது.

கார்த்திகையில் தோட்டப் பாதையில் வண்டி குந்திவிட்டது, நான் எதிர்பார்த்தபடி. அப்படியே விட்டுவிட்டு, இடுப்புச் சாரமெல்லாம் சேறு படிய நடந்து வந்தேன். மழை விட்டிருந்தது. ஐந்து மணி இருக்கும். அவளுடைய வேலியை நெருங்கும்போது கப்பிச் சத்தம் கேட்டது. நான் நின்றேன். என் காலடி கேட்டிருக்க வேண்டும், கப்பியும் நின்றது.

இருமிக் காட்டினேன். பிறகு சொன்னேன்.

"நான்தான், தங்கச்சி. நடந்து போறன்."

நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் காலை எடுத்து வைத்தேன்.