கௌரி, லட்சுமி என்று பெயர் வைத்த நாகு

நாகு போய்விட்டான்.

நேற்று மதியம், ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊரில், அவன் வீட்டிலேயே... மாரடைப்பு. வயது நாற்பத்தொன்றுதான்.

ஓசூரில் பிரேக் பார்ட் செய்யும் கம்பெனியில், ஒரே டெஸ்டிங் செக்‌ஷனில் ஒன்பது வருடம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி நாங்கள். அழுதபடிதான் எழுத உட்கார்ந்தேன். அவனை நினைத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்ய...

வீட்டில் தெலுங்கு, கேன்டீனில் கன்னடம், எங்களோடு தமிழ். திட்டுவது மட்டும் மூன்றிலும்!

எங்கள் லைனில் ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர். அதில் ஒரு எடை மெஷினும் ஒரு பார்கோடு ஸ்கேனரும். கரண்ட் போய் வந்தால் போதும், எது எது என்று அதற்குக் குழம்பிவிடும். எடை வரவேண்டிய கட்டத்தில் பார்கோடு வந்து உட்காரும். கைக்கு அடக்கமான பிரேக் பார்ட், எடை எண்பத்தொன்பது கோடி கிலோ!

ஒருமுறை, பார்ட் வாங்குகிறவர்கள் நேரில் வந்து சோதிக்கும் கஸ்டமர் ஆடிட்டுக்கு இரண்டே நாள். சரியாகாவிட்டால் லைனை நிறுத்திவிடுவார்கள்.

நான் வயரை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். நாகு லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலின் செட்டிங்கைத் திறந்து பார்த்தான்.

"எதையாவது செருகினா, புடுங்கினா கெர்னல் சத்தம் போட்டுச் சொல்லணும்பா. இதுல அது வாயையே கட்டி வெச்சிருக்கானுங்க."

அந்த ஆப்ஷனை ஆன் செய்து கெர்னலை மறுபடி பில்ட் செய்தான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவனோ டிபன் பாக்ஸைத் திறந்தான்.

"களி ஆறிடும், மொதல்ல சாப்புடு."

இரண்டாவது முறை பில்ட் செய்ததில் கம்ப்யூட்டர் எழுந்தது. இனி எது செருகப்பட்டாலும் அதன் சீரியல் நம்பரைப் பார்த்து, அதற்கென்று மாறாத ஒரே பெயரைக் கொடுக்கும்படி இரண்டு வரி ரூல் எழுதினான்.

ஆடிட் அன்று பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் மேடம் எடை மெஷின் கேபிளைப் பிடுங்கினார். ஸ்கிரீனில், "கௌரியைக் காணோம்."

செருகினார். "கௌரி வந்தாச்சு."

"யாரு ஈ கௌரி?" என்றார் கன்னடத்தில், யார் இந்தக் கௌரி என்று.

"நம்ம மனெ ஹசு மேடம்" என்றான் நாகு. அவன் வீட்டுப் பசுமாடு! ஸ்கேனர் பெயர் லட்சுமி, அதன் கன்றுக்குட்டி.

அந்த மேடம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஆடிட் பாஸ். ஒரே ஒரு குறிப்பு எழுதினார்: பெயர்களை மாற்றவும்.

கடைசிவரை மாற்றவில்லையே அவன்...

இன்று காலை அடக்கம். மூன்று ஷிப்ட் ஆட்களும் வந்திருந்தோம். முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது யாரோ அவன் கதை ஒன்றை எடுத்துவிட, அடக்க முடியாமல் எல்லாரும் சிரித்துவிட்டோம். உடனே பயந்துபோய் அவன் மனைவியைப் பார்த்தோம்.

"இன்னொன்னு சொல்லுங்கண்ணா" என்றார்.

போய் வாடா நாகு.