மூட்டையிலிருந்து பேசுகிறேன்

ஸ்டார்ட்அப் என்பது, உருப்படியான வேலையை விட்டுவிட்டு, "தம்பி என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் கால் மணி நேரம் பதில் சொல்லும் தொழில். இதைப் படித்துப் பெருமூச்சு விட்டீர்கள் என்றால் நீங்களும் நம்ம ஆள்தான். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நான் பழனிக்காரன். பெங்களூர் வேலையை உதறிவிட்டு, கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடை மாடியில் கம்பெனி ஆரம்பித்தேன். மேல்மலைக் கிராமங்களில் நாலைந்து மூட்டை பூண்டோ கேரட்டோ வைத்திருப்பவர்கள், சந்தைக்குப் போகும் பிக்கப் வண்டியில் இடம் கிடைக்குமா என்று ரோட்டோரம் காத்து நிற்பார்கள். அவர்கள் எங்கள் நம்பருக்குப் போன் செய்தால், கம்ப்யூட்டரே பேசி விவரம் கேட்டு, இடமுள்ள வண்டியை அனுப்பி வைக்கும். இதுதான் சமாச்சாரம். என் பழைய மேலாளர் தங்கமான மனுஷர். பூண்டு அறுவடை முடியும்வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரியும் அதே கெடுவைத்தான் கொடுத்திருந்தாள். அதற்குள் கம்பெனி காலூன்ற வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் பெங்களூர்.

பெயர் ராசி

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, சுருக்கமாக, தமிழாக, "மூட்டை" என்று பெயர் வைத்தேன். கடையை இழுத்து மூடுவதற்கும் மூட்டை கட்டுவது என்றுதான் சொல்வார்கள் என்பது போர்டு மாட்டிய பிறகுதான் உறைத்தது.

முதல் விவசாயிக்கு நானே போன் போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கங்க, மூட்டையிலிருந்து பேசுறேன்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து பதறிப்போய் ஒரு குரல் வந்தது: "அய்யய்யோ, மூட்டைக்குள்ள எவன்யா உங்களைப் போட்டுக் கட்டுனது?"

பதினோரு மன்னிப்பு

என் ஒரே ஊழியர் செல்வி, மலையிலேயே பிறந்த பண்ணைக்காட்டுப் பெண். கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்ததும் அவள்தான். கீழே டூரிஸ்ட் கூட்டம் போடும் இரைச்சல் விழக்கூடாது என்று கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே பேசிப் பதிவு செய்தாள். பேசுவதைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை மட்டும் நான் சென்னைப் பேச்சை வைத்துப் பழக்கியிருந்தேன். மேல்மலையில் பொன்னையா என்ற விவசாயி, "மூணு மூட்டை கெடக்கு, வெரசா அனுப்புங்க" என்றார். கம்ப்யூட்டர், "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. அவர் திரும்பச் சொன்னார். அதுவும் திரும்பச் சொன்னது.

மறுநாள் பஸ் பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டார். செல்விக்கென்று ஒரு பை நிறையப் பச்சைப் பட்டாணி. எனக்கு ஒரு முறைப்பு. "பதினோரு வாட்டி மன்னிப்புக் கேட்டுச்சு அந்தப் புள்ளை. அப்படி என்ன தப்புப் பண்ணுச்சுன்னு அதைப் போட்டு வதைக்கிறீங்க?"

வந்துவிட்டது

அடுத்து, மேப். என் மேப்பில் வளைவுகளுக்குப் பெயர் கிடையாது. ஊர்க்காரர்களுக்கோ ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர். சாஞ்ச மரத்து வளைவு என்று பொன்னையா சொல்ல, கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த ஒரு வளைவுக்கு வண்டியை அனுப்பியது. ஒரு வளைவில் பொன்னையா, அடுத்த வளைவில் டிரைவர் முருகேசன், நடுவில் கை நீட்டினால் கை தெரியாத பனி. ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். இருவருக்கும் செல்வியின் குரலில் "வண்டி வந்துவிட்டது" என்று போன் போய்க்கொண்டே இருந்தது.

முருகேசன் திரும்பி வந்து சாவியை மேஜைமேல் வைத்தார். "அந்தம்மா வந்துவிட்டது, வந்துவிட்டதுன்னு சொல்லச் சொல்ல, நாந்தான் இன்னும் வரலையோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு சார்."

சாப்பிட்டீங்களா?

போன் வருவது குறைந்துகொண்டே வந்தது. அறுவடையோ பாதி முடிந்துவிட்டது. செல்வி முருகேசனைச் சமாதானம் செய்து, ஒரு வாரம் அவர் வண்டியில் ஏறி, ஒவ்வொரு வளைவின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். வந்தவள், "கம்ப்யூட்டர்ல நான் பேசுனதையும் மாத்தணும்ணே" என்றாள்.

"ஏன், என் தமிழ்ல என்ன தப்பு?"

"நீங்க எழுதிக் குடுத்த தமிழைப் பேசுனா எங்க வீட்டுலயே எனக்குச் சோறு போட மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சரி என்றேன். "மன்னிக்கவும்" போய், "சரியாக் கேக்கலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க" வந்தது. கெடக்கு, வெரசா, வெள்ளனே எல்லாம் கம்ப்யூட்டருக்குப் பழக்கமாயின. எடுத்ததும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வேண்டும் என்றாள். நேரத்துக்குக் கேடு என்று நான் சண்டை போட்டேன். தோற்றேன். மறுநாள் பதிவான பேச்சைக் கேட்டபோது பொன்னையாவின் குரல்: "ஆச்சு தாயி. நாலு மூட்டை கெடக்கு. அவசரமில்லை, நீ சாப்பிட்டுட்டே அனுப்பு."

போன் எடுக்காத நாள்

அதற்கப்புறம் ஏறுமுகம்தான். சும்மா இருந்திருக்கலாம். அறுவடையின் கடைசி வாரத்தில், செல்வி லீவில் இருந்த ஒரு நாள், இன்னும் நன்றாக ஆக்குகிறேன் பேர்வழி என்று மென்பொருளில் கை வைத்தேன். கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு போனுக்கும் பதில் இல்லை. எத்தனை மூட்டை ரோட்டோரம் கிடந்ததோ. அழுகை வராத குறை. அன்று பார்த்துப் பெங்களூரிலிருந்து மேலாளர், "என்னப்பா, எப்ப வர்றே?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை மேஜைமேல் இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம். முருகேசன், பின்னால் பொன்னையா.

"நேத்துப் பூரா போன் அடிச்சேன். புள்ளை எடுக்கவே இல்லையே?"

"ஐயா, போன்ல பேசுறது செல்வி இல்லைங்க. அது மிஷின். நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன். அவரை ஏமாற்றியதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பொன்னையா என்னைப் பார்க்கவில்லை. அட்டைப்பெட்டியையே பார்த்தார்.

"மிஷினுன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? அது நின்னா நின்னுட்டுப் போகுது. நீங்க மூட்டை கட்டிருவீங்களோன்னுதான் தம்பி வெள்ளனே வண்டி ஏறி வந்தோம்."

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மறுபடி போன் வந்தபோது, ஸ்டார்ட்அப் நடத்திப் படித்த பாடத்தையெல்லாம் சுருட்டி, செல்வியின் தமிழில் மூன்றே வார்த்தையில் சொல்லி வைத்தேன்: "இங்க சோலி கெடக்குங்க."