வலது கைக்கு ஆள் இல்லை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுத் தூங்கிவிடுவார்கள். பைக்கில் போகிறவர்களைக் கேட்க வேண்டும். அதிலும் சவுரிராயனைக் கேட்க வேண்டும்.

சவுரிராயன் குடிதண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினுக்கு சர்வீஸ் பார்க்கிறவர். வயது ஐம்பத்து நாலு. குடியிருப்பது திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். காலையில் ஆபீசில் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் விக்கிரவாண்டி, ஒரு நாள் திருவெண்ணெய்நல்லூர், ஒரு நாள் பனமலைப் பக்கம் என்று, யார் வீட்டு மெஷினில் தண்ணீர் வரவில்லையோ அங்கே போய் நிற்பார். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் வருகிறார். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கை வைக்கிற மனுஷனுக்கு, கை நனையக் கூடாது என்று ஒரு கவலை இருந்தது. கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வூட்டுக்குள்ள நனையறது வேற, வண்டியில நனையறது வேறங்க. காத்து அடிச்சிக்கினே இருக்கும். வெரலு மரத்துப் பூடும். பிரேக்கப் புடிச்சிக்கினு இருக்கமா வுட்டுட்டமான்னு கைக்கே தெரியாது."

அவருக்கு இருபது வருஷமாக ஒரு ஏற்பாடு இருந்தது. மெஷினுக்குள் போடுகிற ஃபில்டர் நீளமான ஒரு பிளாஸ்டிக் கவரில் வரும். நல்ல கனமான கவர், முழங்கை வரைக்கும் ஏறும். மழை நாளில் அவர் மனைவி அம்மணி அவரை வாசலில் நிற்க வைப்பார். இரண்டு கையிலும் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு, ரெயின்கோட்டைத் தலை வழியாக இறக்கி, நெஞ்சில் இருக்கிற ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவார். சவுரிராயன் இதில் எதையும் கவனித்ததில்லை. கண் வானத்தில் இருக்கும், வாய் "ஜல்தி, ஜல்தி" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அவர் பங்கு.

போன கார்த்திகையில் மகள் அஸ்வினியின் பிரசவத்துக்காக அம்மணி ஓசூருக்குப் போனார். கிளம்புகிற அவசரத்திலும் அந்த ஜிப்பின் நுனியில் ஒரு துண்டுப் பாவாடை நாடாவை வளையமாக முடிந்து வைத்துவிட்டுப் போனார். பார்த்ததும் சவுரிராயனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆம்பிளை போடுகிற கோட்டில் பாவாடை நாடாவா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே போய் வழியனுப்பினார். பிறகு அறுத்துப் போடச் சோம்பல்பட்டு, ஜிப்பை மூடுகிற பட்டைக்குள் அதைச் சுருட்டித் திணித்தார். அம்மணி ஊரில் இல்லாத நாட்களில் மழையும் வரவில்லை. நாடாவை அத்தோடு மறந்துவிட்டார்.

ஓசூரிலிருந்து திரும்பி வந்த அம்மணி, மாசி மாதம் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் கூடவே என்னென்ன குறையும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சோறு ஆக்க, துணி துவைக்க சவுரிராயன் பழகிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் டி.வி.யைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கவும் பழகிக்கொண்டார். ஐப்பசியின் முதல் மழையன்று கோட்டை மாட்டி ஜிப்பை இழுத்துக்கொண்டு, இடது கையில் கவரைப் போட்டு, வலது கையால் ரப்பர் பேண்டை ஏற்றினார். அப்புறம் பழக்கத்தில் வலது கையை முன்னால் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அதைக் கட்ட ஆள் இல்லை.

பல்லால் இழுத்துப் பார்த்தார். ரப்பர் பேண்டு அறுந்து உதட்டில் சுளீரென்று அடித்தது. தெரு முனை டீக்கடையில் மாஸ்டரிடம் கையை நீட்டினார். அந்த மனுஷன் ரத்தமே ஓடாத அளவுக்கு இறுக்கிவிட்டார். மாடி வீட்டம்மாவைக் கேட்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. பெண்டாட்டி செத்த ஆம்பிளை அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையிடம் கையை நீட்டிக்கொண்டு நிற்பதா என்று கூச்சமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து வலது கையைச் சும்மா விட்டுவிட்டு, இடது கைக்கு மட்டும் கவர் போட்டுக்கொண்டு போனார். ரோட்டில் பார்த்தவர்கள் கையில் ஏதோ அடி என்று நினைத்தார்கள். அந்த ஒரு கவருக்குள்ளும் எப்படியோ தண்ணீர் நுழைந்துவிடும். இப்போதெல்லாம் கவர் தரமாக வருவதில்லை என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டார்.

ஒரு காலையில் கூட்டேரிப்பட்டு தாண்டி, முன்னால் போன ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. மரத்துப்போன வலது கை பிரேக்கை மொத்தமாக அழுத்திவிட்டது. வண்டி சறுக்கிப் படுத்தது. முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் செய்தி ஓசூர் வரைக்கும் போய்விட்டது.

"அப்பா, போதும்ப்பா. வண்டிய வித்துட்டு இங்க வந்துடு. ஒண்டியா இருந்துக்கினு இன்னா பண்ணப் போற?" என்றாள் அஸ்வினி போனில்.

"அங்க வந்து இன்னா பண்ணுவேன்?"

"சும்மா இரு. கொழந்தையப் பாத்துக்கினு இரு."

பேத்தி மேல் அவருக்கு உயிர். 'சும்மா இரு' என்பதுதான் அவருக்கு ஆகவில்லை. அது போக, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் அம்மணியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். ஓசூரிலிருந்து அது எப்படி முடியும்?

"இன்னொரு தடவ வுழுந்தேன்னா நானே வந்துடறம்மா. அதுவரைக்கும் என்ன வுட்டுடு" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அந்த மனுஷன் அப்படி. ஒரு மழைக்காலத்தைத் தனியாகத் தாண்ட முடியுமா, முடியாதா என்பது இப்போது அவருடைய வலது கையில் இருந்தது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கோகுலகிருஷ்ணன் என்பவர் ஹெல்மெட், ரெயின்கோட் கடை வைத்திருக்கிறார். சவுரிராயன் அங்கே போய்த் தண்ணீர் புகாத கிளவுஸ் கேட்டார். முதலில் வந்த ஜோடி பார்க்கத் தோல் மாதிரி இருந்தது. அழகு பார்க்கலாம், மழையில் போட்டால் துணி போல ஊறிவிடும். அடுத்தது மெல்லிய ரப்பர். மணிக்கட்டில் கட்டு எதுவும் இல்லை. மூன்றாவதில் இழுத்து முடிகிற கயிறு இருந்தது. அதைப் பார்த்ததுமே தள்ளிவிட்டார்.

"இது நல்லா டைட்டா நிக்குங்ண்ணா" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"நிக்கும். முடியறது யாரு?"

கடைசியாக வந்தது தடித்த கையுறை. பாதி முழங்கை வரைக்கும் நீளம், ஒட்டிக்கொள்கிற பட்டை. புதுசு என்பதால் கை நுழையச் சிரமப்பட்டது. கோகுலகிருஷ்ணன் உதவிக்குக் கையை நீட்டினார்.

"தொடாத தம்பி. நானேதான் போட்டுக்கணும்."

"மொத தடவ கஷ்டமா இருக்கும், நான் மாட்டி வுடறேங்ண்ணா."

"தெனிக்கும் காலைல திண்டிவனம் வந்து மாட்டி வுடுவியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சவுரிராயன் தமாஷுக்குச் சொல்லவில்லை. தானே போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கையுறை போட்ட இடது கையாலேயே வலது கைப் பட்டையை ஒட்ட முடிந்தது. ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி அதில் கையை முக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு இறங்கவில்லை. கட்டுகிற ஆளைத் தேட வேண்டியதில்லை என்று அன்றைக்கு நிம்மதியாக வீடு திரும்பினார்.

அடுத்த மழையில் விழுப்புரம் ஆபீஸ் வாசலில் நின்று கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தார். சொம்பைக் கவிழ்த்த மாதிரி தண்ணீர் கொட்டியது. மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நேரே கடைக்குப் போய் ஜோடியை மேஜை மேல் அடித்தார்.

"ஒரே பேஜாராப் போச்சு! ரெண்டு கையும் ஊறிப் போச்சுப்பா!"

கோகுலகிருஷ்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. "எதுக்கு மேல போட்டீங்க?"

"கோட்டுக்கு மேலதான். பின்ன?"

"வண்டி ஓட்டறப்ப கை சரிவா கீழப் பாத்துக்கினு தான இருக்கும்? தோள்ல வுழற தண்ணி கோட்டு மேலயே ஓடியாந்து நேரா கிளவுஸ்க்குள்ள எறங்கிடும். மொதல்ல கிளவுஸப் போடுங்க, அப்பால கோட்டு. கோட்டுக் கைதான் மேல இருக்கணும்."

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையே தொழிலாக வைத்திருக்கிற மனுஷனுக்கு இது சுருக்கென்று தைத்தது. தெரியாததைக் கேட்டதால் இல்லை. அம்மணி அப்படித்தான் செய்தார். முதலில் கவர், அதற்கு மேல் கோட்டு. "கோட்ட மொதல்ல போடு, டைம் ஆவுது" என்று எத்தனையோ காலை அவர் எரிந்து விழுந்திருக்கிறார். அம்மணி காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. கவரின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. இருபது வருஷம் தன் கையில் நடந்த காரியத்தை அவர் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. முதலில் கையுறை, பிறகு தலை வழியாகக் கோட்டு. கோட்டுக் கைகள் கையுறைக்கு மேல் சரியாக வந்து விழுந்தன. ஜிப்பைப் பிடிக்கப் போனார். அந்தத் தடித்த விரல்களுக்கு அது சிக்கவே இல்லை. குனிந்து பார்த்தால் தெரிகிறது, பிடித்தால் வழுக்குகிறது. கையுறையைக் கழற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நெஞ்சு திறந்தபடி வாசலில் நின்றார். இதற்கும் ஒரு ஆள் வேண்டுமா என்று அவருக்கு அழுகை முட்டியது. அஸ்வினி சொன்னது சரிதான், ஓசூருக்கே போய்விடலாம் என்று அந்த இடத்தில்தான் நினைத்தாராம்.

ஆத்திரத்தில், ஜிப்பை மூடுகிற பட்டையைப் பிடித்து உலுக்கினார். உள்ளே சுருண்டு கிடந்த நாடா வெளியே வந்து தொங்கியது. கட்டைவிரல் போகிற அளவுக்கு வளையம். விரலை விட்டு இழுத்தார். ஜிப் தடையில்லாமல் கழுத்து வரைக்கும் ஏறியது.

பஸ்ஸில் ஏறும்போது அம்மணி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அன்றைக்கும் சொல்லித்தான் இருந்தார். இவர் திட்டிக்கொண்டிருந்ததில் கேட்கவில்லை.

"நான் இல்லாத நாள்ல உங்களுக்கு யாரு இழுத்து வுடுவாங்க?"

சவுரிராயன் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. அந்தக் கையுறை தண்ணீரை உறிஞ்சாது. அழுது முடித்துவிட்டு வண்டியை எடுத்தார். விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கையும் காய்ந்திருந்தன.

சாயங்காலம் அஸ்வினி போன் செய்தாள்.

"செம மழையாமே. கை நனைஞ்சுதாப்பா?"

"இல்லம்மா. காஞ்ச கையாத்தான் போய்ச் சேந்தேன்."

"கிளவுஸு, கோட்டு எல்லாம் யாரு போட்டு வுட்டா?"

"யாரும் இல்ல. நானேதான் போட்டுக்கினேன்."

போன வாரம் எங்கள் வீட்டு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் இதையெல்லாம் சொன்னார். கடைசியில் பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"யாரும் இல்லன்னு பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டேங்க" என்றார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கையுறையைப் போட்டு, கோட்டைத் தலை வழியாக இறக்கி, நாடாவில் விரலை விட்டு இழுத்துக்கொண்டார். இழுத்த பிறகு நாடாவைப் பட்டைக்குள் திணிக்கவில்லை. அப்படியே வெளியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.